அப்பாவின் பெட்டியில் இல்லாதவை

அன்புள்ள சிட்டுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். இந்த வார்த்தையை எத்தனையோ கடிதங்களில் பழக்கத்தில் எழுதியிருக்கிறேன், இந்த முறை கையைக் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அப்பா நலம், நான் நலம், வீடும் நலம், கீழ்வீட்டுச் சுவரில் மட்டும் கழுத்தளவுக்குச் சுற்றிலும் ஒரு பழுப்புக் கோடு. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு, ஈரத் தலையோடு படுக்காமல் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அன்றைக்குப் போனில், "யாரும்மா அந்த அக்கா, உங்களுக்கு எப்படிப் பழக்கம்"னு கேட்டாய், நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. அதைச் சொல்ல வேண்டுமானால் வெள்ளத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும். போனில் சொன்னால் வரிக்கு வரி நீ "ஐயோ"ன்னு கத்துவாய், எனக்குக் கதை விட்டுப்போகும். அதனால் நான் வேலைக்குப் போகும் கண்ணாடிக் கடை இன்னும் திறக்காத இந்த நாட்களில் உட்கார்ந்து எழுதிவிடுகிறேன், நீ கத்துவதைத் தனியாகக் கத்திக்கொள்.

அப்பாவின் தகரப் பெட்டி உனக்குத் தெரியும். வேலை பார்த்த காலமெல்லாம் நடுவில் நின்றுபோன லிஃப்டுகளிலிருந்து ஆட்களை இழுத்து வெளியே விட்ட மெக்கானிக் அல்லவா, உலகத்தில் எதுவும் எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகும் என்பதுதான் அவருடைய வேதாந்தம். ஓய்வு பெற்ற பிறகு ஆபத்துக்கு உதவும் என்று ஒவ்வொன்றாக வாங்கி அந்தப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டே வந்தார். மலையேறுகிறவர்கள் கட்டிக்கொள்கிற கயிறு, கைக்கோடரி, கூடாரம், திருடனை அடித்தே விரட்டும்படி ஒரு டார்ச், அடுக்கடுக்காக டின் சாப்பாடு, கடைசியாக ஒரு திசைகாட்டி. திசைகாட்டி எதுக்குங்க, சமையலறை எந்தப் பக்கம்னு மறந்துபோச்சான்னு நான் கேட்டேன். "ஆபத்து வரட்டும், அப்பப் பேசு"ன்னு வாயை அடைத்துவிட்டார். ஆபத்து வந்தது. நான் பேசினேன். இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

விடாமல் மழை பெய்து ஒரு காலையில் ஆற்றங்கரை உடைந்ததும், முதலில் தண்ணீர் நுழைந்தது கீழ்வீட்டு நர்ஸ் வீட்டுக்குள். அவள் கணவர் லாரியை எடுத்துக்கொண்டு எங்கோ தூரத்தில் இருந்தார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, அவள் மெத்தையையும் அடுப்பையும் தூக்கி, அவளையும் சேர்த்து மாடியில் எங்கள் வீட்டுக்கு ஏற்றினார். நல்ல காரியம்தான், ஆனால் மெத்தையைத் தோளில் ஏற்றும்போது மூக்குக் கண்ணாடி நழுவித் தண்ணீரில் விழுந்தது. குனிந்து துழாவினார், சேறுதான் வந்தது. மேலே வந்து மாற்றுக் கண்ணாடியைக் கேட்டார். இல்லை. பழைய கண்ணாடியை, இல்லாதவர்களுக்குக் கொடுக்கலாம் என்று எங்கள் கடையில் வைத்திருக்கும் பெட்டியில் போனவருஷம் நானே போட்டுவிட்டேன். "ஊர்ல இருக்கற மூக்குக்கெல்லாம் அளவெடுக்கறே, வீட்ல ஒரு மூக்கு இருக்கறது உன் கண்ணுக்குத் தெரியலையா"ன்னு கேட்டார் பார். அன்று சாயங்காலம் நர்ஸின் கறுப்புக் கைப்பையைப் பூனை என்று நினைத்து 'ச்சூ' என்று விரட்டினார். அது போகவில்லை என்று கோபம் வேறு.

மதியத்துக்குள் கரண்ட் போயிற்று, பொழுது சாய்வதற்குள் எங்கள் போன்களும் நர்ஸின் போனும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணை மூடின. சார்ஜ் ஏற்றிவைக்கிற பவர் பேங்க் ஒன்று வாங்கலாம் என்று நீ போன தடவை வந்தபோதே சொன்னாய், "இவ்வளவு பெரிய டார்ச் இருக்கே"ன்னு அப்பா சொன்னதும் உனக்கு நினைவிருக்கும். சரி, முதலில் வயிற்றைப் பார்ப்போம் என்று டின்களை எடுத்து வரிசையாக அடுக்கினார், பெரிய கடை முதலாளி மாதிரி கையைத் தேய்த்துக்கொண்டார், பிறகு பெட்டிக்குள் கையை விட்டுத் தேடினார், தேடினார், தேடிக்கொண்டே இருந்தார். டின் ஓப்பனர் இல்லை. அத்தனை டின்னும் வாங்கிய மனிதர் அதைத் திறக்க ஒன்று வாங்கவில்லை. கோடரியை எடுத்தவரிடமிருந்து நர்ஸ் அதைப் பிடுங்கி ஒளித்துவைத்தாள். ஸ்குரூடிரைவரையும் சுத்தியலையும் வைத்து ஒரே அடி, அன்னாசிச் சாறு சீலிங் ஃபேன் வரைக்கும் எழும்பி மூன்று பேர் தலையிலும் தீர்த்தம் மாதிரி விழுந்தது. "ஆபரேஷன் சக்சஸ் அங்கிள், பேஷன்ட்தான் சிதறிட்டாரு"ன்னு நர்ஸ் சொன்னாள். சுற்றிலும் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறோம்.

அடுத்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் உனக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன். கீழே சாக்கடை நிரம்பிவிட்டால் மேலே கழிவறையும் வேலைநிறுத்தம் செய்யும் என்று எங்களில் யாரும் யோசித்திருக்கவில்லை. தண்ணீர் ஊற்றினால் உள்ளே போவதற்குப் பதில் மேலே வந்து எட்டிப் பார்த்தது. நர்ஸ்தான் ஆஸ்பத்திரி மூளையோடு, மூடி உள்ள வாளி இருக்கா, கனமான குப்பைப் பை இருக்கா, பழைய பேப்பர் இருக்கான்னு கேட்டாள். பெயின்ட் வாளி ஒன்று மூடியோடு மொட்டைமாடிப் படிக்கு அடியில் கிடந்தது, பேப்பர் வேண்டிய மட்டும் இருந்தது, பைதான் இல்லை, அரிசி வாங்கி வந்த பைகளை வைத்துச் சமாளித்தோம். அப்பா அதன்மேல் உடைந்த நாற்காலியின் பலகையை ஆணியடித்து வைத்து, கூடாரத் துணியைச் சுற்றிலும் தொங்கவிட்டு, அதற்கு 'அரியணை' என்று பெயரும் வைத்துவிட்டார். கூடாரம் வாங்கியது வீண் இல்லை பார்த்தாயா என்று ஒவ்வொரு தடவையும் அரியணை ஏறும்போது சொல்லிவிட்டுத்தான் போனார்.

மறுநாள் நர்ஸ் என் காதருகில் வந்து ஒன்று கேட்டாள். உனக்கே புரியும். எனக்கு அதெல்லாம் நின்று எத்தனையோ வருஷம், என்னிடம் ஏது நாப்கின், அவளுடையது கீழே அலமாரியோடு ஊறிக்கொண்டிருந்தது. நாங்கள் குசுகுசுவென்று பேசுவதைப் பார்த்துவிட்டு, "என்ன வேணும் சொல்லுங்க, பெட்டியில இருக்கும்"னு அப்பா தைரியமாகச் சொன்னார். "இருக்காது"ன்னு நாங்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னோம். புதுத் துவாலை ஒன்றை வெட்டி, மடித்து, ஓரம் தைத்துக் கொடுத்தேன். என்ன தைக்கிறேன் என்று புரிந்ததும் அவர் ஜோக் எதுவும் அடிக்கவில்லை. பெட்டியை மூடி அதன்மேலேயே உட்கார்ந்து, "பொண்ணைப் பெத்து வளர்த்தவன், இது எப்படி எனக்குத் தோணாமப் போச்சு"ன்னு உண்மையாகவே வருத்தப்பட்டார். அந்த மனிதரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியதற்கு அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். எதிர்வீட்டில் தனியாக இருக்கிறாரே, அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தெருவே 'ஒற்றுப்பிழை ஐயா' என்று சொல்லுமே, அவரேதான். எங்கள் கடைப் பலகையில் 'கண்ணாடி கடை' என்று இருந்ததைப் பார்த்து, நடுவில் ஒரு 'க்' போடும் வரைக்கும் இங்கே கண்ணாடி வாங்கமாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போன மனிதர். காது மிஷின் இல்லாவிட்டால் அவருக்கு இடி இடித்தாலும் கேட்காது. அந்த மிஷினுக்குள் போடுகிற குட்டி பேட்டரி தீர்ந்துபோய்விட்டது, மாற்று வாங்கி வைக்கவில்லை. இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். மூன்றாம் நாள் மழை விட்டு, சுள்ளென்று வெயில் அடித்தது, தெருவில் தண்ணீர் முழங்காலுக்கும் கீழே இறங்கியிருந்தது. வெள்ளம் வடிந்துவிட்டது என்று நினைத்து அவர் மாடியிலிருந்து இறங்கி வந்து, கீழ் அறையில் நனைந்த புத்தகங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக அவர் முதுகு எங்களுக்குத் தெரிந்தது. அப்போதுதான் பெரிய தெருப் பக்கம் படகில் ஒலிபெருக்கி வைத்துக் கத்திக்கொண்டு போனார்கள், மேலே அணையைத் திறந்தாச்சு, தண்ணி வேகமா வருது, கீழ்த்தளத்துல யாரும் இருக்காதீங்க, எல்லாரும் மாடிக்குப் போயிடுங்கன்னு. தெருவில் அங்கங்கே கதவு சாத்தும் சத்தம், காலடிச் சத்தம். அவர் மட்டும் திரும்பவே இல்லை.

நாங்கள் மூன்று பேரும் பால்கனியில் நின்று தொண்டை கிழியக் கத்தினோம். நர்ஸ் தட்டை எடுத்துக் கரண்டியால் அடித்தாள். அப்பா திறக்காத டின் ஒன்றைக் குறிபார்த்து எறிந்தார், கண்ணாடி இல்லாத குறி, அது எங்கள் வாசலிலேயே 'தொபக்' என்று விழுந்தது. அடுத்த நிமிஷம் பார்த்தால் அந்த மலைக்கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, "நான் போய்க் கூட்டிட்டு வரேன்"னு படியில் இறங்குகிறார். தெரு நடுவில் மூடி இல்லாத சாக்கடை எங்கே இருக்கிறது என்று கண் நன்றாகத் தெரிகிறவர்களுக்கே தெரியாது. நான் கயிற்றின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, போனா என்னையும் இழுத்துக்கிட்டுத்தான் போகணும்னு அழுதேன். அவர் போனாலும் ஆபத்து, போகாவிட்டால் அந்தப் பெரியவர் எங்கள் கண்ணெதிரே மூழ்கிப்போவார்.

நர்ஸ்தான், "ஆன்ட்டி, அவருக்குக் காதுதானே கேக்காது, கண்ணு தெரியுமே"ன்னு சொன்னாள். எனக்குப் பொறி தட்டியது. கடையில் பிரேம் போட்டுப் பார்க்க வாடிக்கையாளர் கையில் கொடுப்போமே, அந்த முகக்கண்ணாடி ஒன்று பிடி உடைந்ததால் என் கைப்பையிலேயே கிடந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து வெயிலில் பிடித்தேன். வெளிச்சம் முதலில் மரத்தில் விழுந்தது, அப்புறம் அவர் வீட்டுக் கதவில், அப்புறம் ஜன்னல் கம்பியில், கடைசியாக அவர் எதிரே இருந்த சுவரில். அவர் அதைப் பூச்சி என்று நினைத்துத் துணியால் அடித்தார். நான் விடவில்லை, அவர் துடைக்கும் புத்தகத்தின் மேலேயே அதை ஆடவிட்டேன். படிக்கிற பக்கத்தின் மேல் ஏதாவது ஆடினால் அவருக்குப் பொறுக்குமா, கோபமாகத் திரும்பினார். அதற்குள் அப்பா வெள்ளைப் படுக்கைவிரிப்பைத் தரையில் விரித்து, தன் கறுப்பு ஷூ பாலிஷைத் தொட்டுத் தொட்டுக் கையாலேயே எழுதியிருந்தார். 'மேலே போங்கள், தண்ணீர் வருகிறது' என்று எழுதத்தான் ஆரம்பித்தார். கண் தெரியாததால் எழுத்தை யானை அளவுக்குப் போட்டார், பாலிஷ் 'மேலே போ' என்ற இடத்திலேயே தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அதையே பால்கனியில் தொங்கவிட்டோம்.

அவர் ஜன்னலுக்கு வந்து மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு படித்தார். முகம் சிவந்துபோயிற்று. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நாங்கள் மூன்று பேரும் தெருமுனையைக் காட்டிக் கையை ஆட்டிய ஆட்டலில் அந்தப் பக்கம் பார்த்தார். அப்போதே அங்கே தண்ணீர் நுரைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய அகராதியை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் மாடிப்படி ஏறியதை நாங்கள் பார்த்தோம். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அவர் நின்ற அந்த ஜன்னல் பாதிக்குமேல் தண்ணீருக்குள் போய்விட்டது. அவர் துடைத்துக்கொண்டிருந்த மேஜை மிதந்து வந்து கம்பியில் மோதியது. நர்ஸ் என் தோளில் சாய்ந்து விம்மினாள், அப்பா இடுப்புக் கயிற்றை அவிழ்க்கக்கூட மறந்து அப்படியே நின்றார்.

பெரியவர் மாடி ஜன்னலில் தலையை நீட்டியதும் முதல் வார்த்தை நன்றி இல்லை. "எனக்கு வயசாயிடுச்சுதான், ஒத்துக்கறேன். அதுக்காக மேலே போன்னு துணியில எழுதியா தொங்கவிடணும்? அதுவும் ஒருமையில!"ன்னு தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். நாங்கள் சொல்லும் சமாதானம் அவர் காதில் விழப்போவதில்லை. அப்பா பாலிஷ் டப்பாவின் ஓரத்தைச் சுரண்டி, 'போ'வுக்குப் பக்கத்தில் மெல்லிசாக ஒரு 'ங்க' சேர்த்து மறுபடி தொங்கவிட்டார். பெரியவர் அதை நிதானமாகப் படித்துவிட்டு, "ஆங், இப்ப மரியாதையா அனுப்பறீங்க"ன்னு தலையாட்டினார். அப்புறம்தான் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையை வெகுநேரம் கீழே இறக்கவில்லை.

இப்போது அந்த அக்காவுக்கு வருகிறேன். மறுநாள் குடிதண்ணீர் கேன்களோடு ஒரு படகு எங்கள் பால்கனிக்கு அடியில் வந்தது. படகுக்காரர் போனில் கொஞ்சம் சார்ஜ் இருந்தது. அதைப் பார்த்ததும் உன்னோடு பேச வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டேன், கொடுத்தார். கையில் வாங்கிய பிறகுதான் விழித்தேன். உன் நம்பர் என்ன? உன் பேரைத் தொட்டால் நீ பேசுவாய், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பெற்ற பிள்ளையின் நம்பர் என் போனுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. அப்பாவைக் கேட்டால் அவர் கல்யாணத்துக்கு முன்னால் வேலை பார்த்த கம்பெனியின் நம்பரைக் கடகடவென்று சொல்கிறார். உனக்குப் பார்சல் அனுப்பும்போதெல்லாம் கையால் எழுதியிருக்கிறேனே என்று கண்ணை மூடிக்கொண்டு, விரலால் காற்றில் எழுதிப் பார்த்துப் பார்த்து வரவழைத்தேன். கடைசி இரண்டு எண்ணில் எது முன்னே எது பின்னே என்பதில் தடுமாற்றம். ஒன்றை அழுத்தினேன், ஒரு பெண் எடுத்தாள். சிட்டுன்னு கதறினேன். "நான் சிட்டு இல்லம்மா, நீங்க யாரு, ஏன் அழறீங்க"ன்னு கேட்டாள். பின்னால் முடி உலர்த்துகிற மிஷின் சத்தம், பார்லர் வைத்திருக்கிறாளாம், யாருக்கோ பாதி முடி வெட்டிக்கொண்டிருந்தாளாம். வெள்ளம், மகள் தூரத்தில், கடைசி இரண்டு எண் மாறிப்போச்சு என்று மூச்சுவிடாமல் கொட்டினேன். "அப்ப உங்க பொண்ணு எனக்குப் பக்கத்து நம்பர்தான். நான் மாத்திப் போட்டுச் சொல்லிடறேன். நீங்க நல்லா இருக்கீங்கன்னு மட்டும் சொல்லணும், அவ்வளவுதானே?"ன்னு கேட்டாள். ஆமாம்னு சொல்வதற்குள் போன் அணைந்துவிட்டது. அவள் உன்னிடம் பேசினாளா இல்லையா என்று தெரியாமல், கரண்ட் வந்து நீ கூப்பிடும் வரைக்கும் நான் சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

போன வாரம் அவளைக் கூப்பிட்டு நன்றி சொன்னேன். நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்காதே, தப்பு நம்பர்தான் எனக்கு இப்போது மனப்பாடம் ஆயிற்றே. அவள் ஒன்று சொன்னாள். "உங்க பொண்ணு முதல் மணியிலேயே எடுத்துட்டாங்கம்மா. நீங்க நல்லா இருக்கீங்கன்னதும் ஓன்னு அழுதாங்க. அழட்டும்னு நானும் லைன்லயே இருந்தேன், கஸ்டமரும் பாதி முடியோட பொறுமையா இருந்தாங்க"ன்னு. என்னிடம் பேசும்போது நீ "எனக்குத் தெரியும் நீங்க சமாளிச்சிருப்பீங்கன்னு" என்று கெத்தாகச் சொன்னாய். போகட்டும், நான் கேட்கவில்லை, நீயும் சொல்ல வேண்டாம். அழுதபோது பக்கத்தில் ஒரு குரல் இருந்ததே, அதுவே எனக்கு நிம்மதி.

மற்றபடி இங்கே எல்லாம் மெல்ல மெல்லச் சரியாகிக்கொண்டிருக்கிறது. நர்ஸின் கணவர் லாரியோடு வந்து சேர்ந்து, இரண்டு வீட்டுச் சேற்றையும் ஒரே ஆளாக அள்ளிப்போட்டார். அப்பா அந்தச் சேற்றில் வெறுங்காலோடு இறங்கி, கண்ணாடித் துண்டு குத்தி, நர்ஸிடம் வசவும் தையலும் வாங்கிக்கொண்டார். பெரியவருக்கு இப்போது மாற்று பேட்டரி அவர் வீட்டிலும் இருக்கிறது, எங்கள் வீட்டிலும் இருக்கிறது. அப்பா பெட்டியைக் காலி செய்து புதிதாக அடுக்குகிறார், ஆனால் இந்தத் தடவை என்ன வைக்கலாம் என்று எங்களையும் கேட்கிறார். நாப்கினை அவரே கடைக்குப் போய் வாங்கி வந்தார், எந்த அளவு என்று கடைக்காரப் பெண்ணிடம் வாய்விட்டுக் கேட்டாராம், எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று. நீயும் அந்த உயரமான கட்டடத்தில் டார்ச்சும் மெழுகுவத்தியும் வைத்திருக்கிறேன் என்று சும்மா இருந்துவிடாதே. உன் பழைய கண்ணாடியைத் தூக்கிப்போடாதே, பவர் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, கட்டிலுக்குப் பக்கத்தில் வை, அதோடு ஒரு ஜோடி ஷூவும். மூடி போட்ட ஒரு வாளி, கிழியாத பைகள், தினம் போடுகிற மாத்திரையில் கொஞ்சம் கூடுதல், ஒரு விசில், டின் வாங்கினால் அதைத் திறக்க ஒன்று. எங்கள் நம்பரைக் காகிதத்தில் எழுதி வைத்தால் போதாது, காகிதம் நனையும், நெஞ்சில் எழுது. திசைகாட்டி வேண்டுமானால் சொல், இங்கே ஒன்று சும்மா கிடக்கிறது.

நீ நீண்ட காலம் நல்ல உடம்போடு, சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும். நீ கதவைத் திறக்கும் இடமெல்லாம் நல்ல மனிதர்கள் எதிர்ப்பட வேண்டும். அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு என் ஆசியையும் சேர்த்து எழுது, தனிக் கடிதமெல்லாம் எனக்கு வராதுன்னு சொல்கிறார், சேர்த்துக்கொள்.

ஒன்றே ஒன்று மறக்காதே. பக்கத்து வீட்டில் யார் இருக்காங்கன்னு கேட்டதற்கு, "செருப்பைத்தாம்மா பாத்திருக்கேன், ஆளைப் பாத்ததில்ல"ன்னு சொன்னாய். இந்த ஞாயிற்றுக்கிழமை போய் அந்தக் கதவைத் தட்டி, ஒரு கத்தரிக்கோல் இருக்குமான்னு கேள். உன்னிடம் இருக்கும், எனக்குத் தெரியும். இருந்தாலும் கேள். அப்போதுதானே திருப்பிக் கொடுக்க இன்னொரு தடவை போவாய்.

உன் அம்மா